நுண்நோக்கியும் ஏ.ஐ.யும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு: ஜெர்மனியில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

#1 பிச்சாவரம்

வணக்கம். பி.டெக். பயோடெக்னாலஜி, நான்கு ஆண்டுப் படிப்பு, சி.ஜி.பி.ஏ. 8.2. ஃப்ளூரசன்ஸ் நுண்நோக்கியும், அதில் எடுத்த படங்களை ஏ.ஐ. வைத்து அலசுவதும் ஒரே இடத்தில் படிக்கக் கிடைக்க வேண்டும். ஜெர்மனியைத்தான் முதலில் பார்க்கிறேன். தேடினால் ஃபோட்டானிக்ஸ், மெடிக்கல் ஃபோட்டானிக்ஸ், பயோபிசிக்ஸ், டேட்டா சயின்ஸ் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிடிபடவில்லை. பைத்தான் ஓரளவு வரும். கணக்கு முதல் இரண்டு செமஸ்டரோடு நின்றுவிட்டது. எந்த வாசல் வழியாக நுழைவது, போவதற்கு முன் எதைப் படித்து வைப்பது, காகித வேலை என்னென்ன என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வில்லை

பெயரை ஒதுக்கிவிட்டுப் பாடத்திட்டக் கையேட்டைத் திறங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு படிப்புக்கும் 'மொடூல்ஹாண்ட்புக்' என்ற ஒன்றை வெளியிடுகின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், வாரம் எத்தனை மணி விரிவுரை, எத்தனை மணி செய்முறை, தேர்வு எழுத்தா வாய்மொழியா எல்லாம் அதில் இருக்கும். முதுநிலை என்றால் பெரும்பாலும் நான்கு செமஸ்டர், 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்கு மட்டும் 30 கிரெடிட், அதாவது 900 மணி நேரம். அந்த 900 மணி நேரத்தை எந்த நுண்நோக்கிக்குப் பக்கத்தில் கழிக்கப்போகிறீர்கள் என்பதுதான் படிப்பின் பெயரைவிடப் பெரிய கேள்வி.

வாசல்கள் மூன்று. முதலாவது ஒளியியல். இதற்கு யேனா நகரம் நல்ல உதாரணம். கார்ல் ஸைஸ் 1846இல் பட்டறை தொடங்கிய ஊர், எர்ன்ஸ்ட் அபே 1873இல் நுண்நோக்கியின் பிரிதிறன் எல்லையை எழுதிவைத்த ஊர். அங்கே ஃப்ரீட்ரிஷ் ஷில்லர் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸ், மெடிக்கல் ஃபோட்டானிக்ஸ் என்று இரண்டு முதுநிலைப் படிப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஃபோட்டானிக்ஸுக்கு இயற்பியல் கணக்கு நன்றாக வர வேண்டும். மெடிக்கல் ஃபோட்டானிக்ஸ் உயிரியல், மருத்துவப் பின்னணி உள்ளவர்களையும் மனத்தில் வைத்து அமைத்தது. உங்கள் பட்டத்துக்கு அது ஒட்டும்.

இரண்டாவது வாசல் கணினி. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டேஷனல் மாடலிங் அண்ட் சிமுலேஷன் என்ற முதுநிலைப் படிப்பில் உயிரறிவியல் பிரிவு ஒன்று உண்டு. அதே ஊரில்தான் மாக்ஸ் பிளாங்க் செல் உயிரியல் நிறுவனமும் இருக்கிறது. படத்தைத் தெளிவாக்கும் கேர் (2018), செல் கருக்களைப் பிரித்தெடுக்கும் ஸ்டார்டிஸ்ட் (2018), இரைச்சல் நீக்கும் நாய்ஸ்-டு-வாய்ட் (2019) மூன்றும் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் கையில் உருவானவை. படத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் யூ-நெட் என்ற நெட்வொர்க் 2015இல் ஃப்ரைபுர்க்கில் பிறந்தது. இலாஸ்டிக் என்ற படப் பகுப்பாய்வு மென்பொருள் ஹைடல்பெர்கில்.

மூன்றாவது உயிரியல் வாசல். மூலக்கூறு உயிரியல் படிப்பில் சேர்ந்து, ஆய்வேட்டை மட்டும் நுண்நோக்கி ஆய்வகத்தில் செய்வது. கெட்டிங்கனில் இப்படிச் செய்யலாம். ஸ்டெஃபான் ஹெல்லின் ஆய்வகம் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் அங்கேதான். எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர் இருவரோடும் சேர்ந்து 2014 வேதியியல் நோபல் பெற்றவர் அவர்.

#3 தரவுத்தறி

வில்லை சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பயோடெக் முடித்தவருக்கு இரண்டாவது வாசல்தான் நல்லது என்பேன். லென்ஸ், கண்ணாடி, லேசர் எல்லாம் ஆய்வகத்தில் மூன்று மாதம் நின்றால் கைக்கு வந்துவிடும். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஒழுங்காக நிரல் எழுதுவது, இவற்றை ஆய்வகத்தில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். வகுப்பில் படித்தால்தான் உண்டு. வேலைச் சந்தையிலும் படப் பகுப்பாய்வு தெரிந்தவர்களுக்கு உயிரியலுக்கு வெளியிலும் இடம் உண்டு.

கையேட்டில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 'டீப் லேர்னிங்' என்ற பாடம் இருந்தால் போதாது, அதற்குள் தேர்வு எப்படி என்று பாருங்கள். ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, ஏ.ஐ. மாடலைப் பயிற்றுவித்து, சோதித்து, அறிக்கை எழுதச் சொல்லும் பாடம் உருப்படியானது. 90 நிமிட எழுத்துத் தேர்வோடு முடிகிற பாடத்தில் கை பழகாது.

#4 வில்லை

தரவுத்தறி, மூன்று மாதத்தில் கைக்கு வருவது பொத்தான்கள். ஒளியியல் வராது. இந்தத் துறையில் ஏ.ஐ. படித்தவர்கள் சறுக்கும் இடமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிச்சாவரம், இதை ஃபிஜி என்ற இலவசப் பட மென்பொருளில் கூடவே செய்து பாருங்கள்.

பச்சை ஒளி, அலைநீளம் 520 நானோமீட்டர். ஆப்ஜெக்டிவின், அதாவது மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸின், என்.ஏ. (ஒளியைத் திரட்டும் திறன்) 1.4. அபே சொன்ன எல்லை, அலைநீளத்தை என்.ஏ.யின் இரு மடங்கால் வகுத்தால் வருவது: 520 வகுத்தல் 2.8, சுமார் 186 நானோமீட்டர். இதைவிட நெருக்கமான கோடுகள் லென்ஸ் வழியாக வரவே வராது. மங்கலாக வரும் என்றுகூட நினைக்காதீர்கள், சுத்தமாக வராது.

கேமரா பிக்சல் 6.5 மைக்ரோமீட்டர், ஆப்ஜெக்டிவ் 100 மடங்கு என்றால் படத்தில் ஒரு பிக்சல் 65 நானோமீட்டர். 1024 பிக்சல் அகலப் படத்தை ஃபிஜியில் திறந்து எஃப்.எஃப்.டி. (ஃபூரியே மாற்றம், படத்தை நுண்மை வாரியாகப் பிரித்துக் காட்டுவது) போடுங்கள். நடுவில் வெளிச்சமாக ஒரு வட்டம், சுற்றிலும் சீரான சாம்பல் பரப்பு தெரியும். அந்த வட்டத்தின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும்? படத்தின் அகலம் 1024 பெருக்கல் 65, அதாவது 66,560 நானோமீட்டர். அதை 186ஆல் வகுத்தால் சுமார் 358 பிக்சல். வட்டத்துக்குள் இருப்பதுதான் லென்ஸ் கொண்டுவந்த செய்தி. வெளியில் இருப்பது முழுக்க இரைச்சல். நிஜப் படங்களில் வட்டம் இன்னும் சிறியதாகத்தான் தெரியும், ஓரத்துச் செய்தி பலவீனமாக வந்து இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

இப்போது அதே கேமராவில் 60 மடங்கு, என்.ஏ. 1.4 ஆப்ஜெக்டிவை மாட்டுங்கள். பிக்சல் 108 நானோமீட்டர். அதே கணக்கில் வட்டத்தின் ஆரம் 595 பிக்சல் வருகிறது, ஆனால் படத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை 512 பிக்சல்தானே இருக்கிறது. வட்டம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. லென்ஸ் கொண்டுவந்த செய்தியில் ஒரு பங்கைக் கேமரா பிடிக்கவில்லை, பிடிக்காமல் விட்டது மடங்கி உள்ளே வந்து பொய்யான கோடுகளாகத் தெரியும். பிறகு எந்த ஏ.ஐ. நெட்வொர்க்கைப் போட்டும் அதை நேர்மையாக மீட்க முடியாது.

ஏ.ஐ. தெளிவாக்கிய படத்தையும் இதே எஃப்.எஃப்.டி.யில் போட்டுப் பாருங்கள். 358 பிக்சல் வட்டத்துக்கு வெளியே ஒழுங்கான அமைப்பு தெரிந்தால், அது லென்ஸிலிருந்து வந்ததல்ல. பயிற்சிப் படங்களில் பார்த்ததை வைத்து நெட்வொர்க் எழுதிச் சேர்த்தது. சில வேளை அது சரியாக இருக்கலாம். ஆனால் அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவர் அந்தப் படத்தை ஆய்வுக் கட்டுரையில் போடக் கூடாது.

#5 நிறமாலை

வில்லையின் எஃப்.எஃப்.டி. சோதனையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை, மாதிரி அசையாமல், குறைந்த வெளிச்சத்தில் ஐந்து முறை படமெடுங்கள். ஐந்தையும் தனித்தனியாக நெட்வொர்க்குக்குக் கொடுங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில் வரும் இழை நம்பத்தக்கது. இரண்டில் மட்டும் வந்து மூன்றில் காணாமல் போகும் இழை, இரைச்சலைப் பார்த்து நெட்வொர்க் நெய்தது. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் போடப்பட்ட அழகான படங்கள் எத்தனையோ இருக்கின்றன.

'அப்படியானால் ஸ்டெட், தனிமூலக்கூறு நுண்நோக்கி போன்ற மிகைப் பிரிதிறன் முறைகள் எல்லாம் எப்படி அந்த 186 நானோமீட்டரைத் தாண்டுகின்றன' என்று அடுத்த கேள்வி வரும். அவை லென்ஸின் எல்லையை உடைக்கவில்லை. மூலக்கூறுகளை அணைத்து ஏற்றுகின்றன. தனிமூலக்கூறு முறையில் ஒரு நேரத்தில் சில மூலக்கூறுகள் மட்டும் ஒளிரும். ஒவ்வொன்றும் மங்கலான புள்ளியாகத்தான் விழும், ஆனால் அந்தப் புள்ளியின் மையத்தைக் கணக்கிடலாம். புள்ளியின் திட்டவிலக்கம் 100 நானோமீட்டர், 1000 ஃபோட்டான் கிடைத்தால், மையத்தின் துல்லியம் 100 வகுத்தல் 1000இன் வர்க்கமூலம், சுமார் 3 நானோமீட்டர். பின்னணி வெளிச்சம் இருந்தால் இது மோசமாகும், அதனால் நடைமுறையில் 10 முதல் 20 என்று எதிர்பாருங்கள். ஃபோட்டான் எண்ணிக்கைதான் இங்கே காசு. நான்கு மடங்கு ஃபோட்டான் கொடுத்தால் இரண்டு மடங்கு துல்லியம், அவ்வளவே.

#6 பிச்சாவரம்

மிக்க நன்றி. எஃப்.எஃப்.டி. வட்டம் போட்டுப் பார்த்தேன், இணையத்தில் கிடைத்த ஒரு படத்தில் வட்டமே தெரியவில்லை, சதுரச் சதுரமாக ஏதோ தெரிந்தது. ஏன்?

#7 நிறமாலை

அது ஜேபெக் படமாக இருக்கும். ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்கும். அந்தக் கட்டங்களின் தடம்தான் நீங்கள் பார்த்தது. அளவிடப் போகும் படத்தை ஒருபோதும் ஜேபெக்கில் சேமிக்காதீர்கள். நுண்நோக்கி நிறுவனத்தின் சொந்தக் கோப்பு வடிவம், டிஃப், இல்லையென்றால் ஓஎம்இ-ஸார் என்ற பொது வடிவம். பிக்சல் அளவு, ஆப்ஜெக்டிவ், எக்ஸ்போஷர் ஆகிய விவரங்களும் கோப்போடு ஒட்டியிருக்க வேண்டும். ஃபிஜியில் பயோ-ஃபார்மட்ஸ் செருகுநிரல் வழியாகத் திறந்தால் பெரும்பாலான நிறுவனங்களின் கோப்புகளைப் படிக்கும்.

பழகுவதற்கு நுண்நோக்கி வேண்டியதில்லை. பிராட் நிறுவனத்தின் படத் தொகுப்பில் பிபிபிசி038 என்று ஒன்று இருக்கிறது. 2018 டேட்டா சயின்ஸ் போட்டிக்காக வெளியிட்ட கருப் படங்கள், கையால் வரைந்த விடைகளோடு. அதில் தொடங்கலாம். ஐரோப்பிய பயோஇமேஜ் ஆர்க்கைவிலும் மூலக் கோப்புகள் இலவசம்.

#8 வடமராட்சி

காகித வேலை பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

இந்தியப் பட்டம் உள்ளவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்றிதழ் வேண்டும். 2022 நவம்பரில் இருந்து மாணவர் விசாவுக்கு அது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். வந்து சேர வாரக்கணக்கில் எடுக்கும், சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கும், ஆகவே முதலில் செய்ய வேண்டியது இதுதான். இலங்கைப் பட்டத்துக்கு ஏ.பி.எஸ். இல்லை. ஆனால் மூன்று வருடப் பொதுப் பட்டத்தைவிட நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருந்தால் தகுதிப் பிரச்சினை குறைவு.

மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற 'மாற்றியமைத்த பவேரியச் சூத்திரம்' பாவிக்கிறார்கள். அதி உயர் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதி உயர் புள்ளிக்கும் சித்திப் புள்ளிக்கும் (தேர்ச்சி மதிப்பெண்) உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 10க்கு 8.2, சித்தி 5 என்றால்: 1.8 வகுத்தல் 5, பெருக்கல் 3, கூட்டல் 1, வருவது 2.08. சித்தி 4 என்றால் அதே 8.2க்கு 1.9. ஜெர்மனியில் 1 தான் மேல், 4 கீழ். பல படிப்புகள் 2.5ஐ எல்லையாக வைக்கின்றன. பார்த்தீர்களா, சித்திப் புள்ளி எது என்பது முடிவையே மாற்றுகிறது. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் அது அச்சிடப்படாமல் இருந்தால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கடிதம் வாங்கி வையுங்கள்.

பணம்: விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதத் தவணையாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும், 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. மாதம் 992 யூரோ வீதம் வெளியே வரும். இது கூடிக்கொண்டே போகிற தொகை, விண்ணப்பிக்கிற வருடத்தில் பாருங்கள். படிப்புக் கட்டணம் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஃப்ரைபுர்க், ஹைடல்பெர்க் இரண்டும் அதற்குள் வருகின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரில் இருந்து முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை எடுக்கிறது. யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ.

#9 தரவுத்தறி

வில்லை எழுதிய ஒளியியல் கணக்கை ஏற்கிறேன். ஆனால் நிஜத்தில் முடிவுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இன்னொரு இடத்தில், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு தட்டில் செல் வளர்க்கும் 10 குழிகள், அதாவது கிணறுகள். கிணற்றுக்கு 20 படம். ஒவ்வொரு படத்தையும் 16 துண்டாக வெட்டினால் 3,200 துண்டுகள். கலைத்துப் போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரிக்கிறார்கள். சோதனைத் துண்டின் பக்கத்துத் துண்டு, ஏன் அதே செல்லின் மறுபாதியே பயிற்சியில் இருக்கும். துல்லியம் 97 வரும், புதிய தட்டில் 60க்கு விழும். உங்களிடம் இருந்தது 3,200 சான்று அல்ல, 10 கிணறு. ஒரே நாளில் செய்ததென்றால் உண்மையில் ஒரே ஒரு சோதனை. எனவே பிரிப்பதைத் தட்டு வாரியாக, நாள் வாரியாக, விலங்கு வாரியாகச் செய்யுங்கள். வெட்டுவதற்கு முன்பே பிரிக்க வேண்டும், வெட்டிய பின் அல்ல.

இன்னொன்று இதைவிடக் கெட்டது. மருந்து கொடுக்காத தட்டை திங்கள்கிழமை எடுத்தார்கள், மருந்து கொடுத்த தட்டை புதன்கிழமை. விளக்கின் வெளிச்சம் இரண்டு நாளும் ஒன்றாக இருக்காது. நெட்வொர்க் மருந்தைக் கற்கவில்லை, கிழமையைக் கற்றது. கண்டுபிடிக்கும் வழி எளிது: செல்லே இல்லாத வெற்றுப் பின்னணித் துண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து அதே நெட்வொர்க்கைப் பயிற்றுவியுங்கள். பாதிக்குப் பாதி என்றுதான் வர வேண்டும். 80, 90 என்று சரியாகப் பிரித்தால் உங்கள் தரவில் கிழமை ஒளிந்திருக்கிறது. தட்டுகளை மாற்றி மாற்றி, இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதுதான் தீர்வு. மென்பொருளில் சரிசெய்ய முயல்வதைவிட அதுவே மேல்.

அளவுகோலிலும் கவனம் வேண்டும். படத்தில் கருக்கள் 8 சதவீதப் பிக்சல் என்றால், எதையுமே கண்டுபிடிக்காத வெற்று விடைக்குப் பிக்சல் துல்லியம் 92. டைஸ் மதிப்பெண் (கண்டுபிடித்த பகுதியும் சரியான விடையும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பது) பரவாயில்லை, ஆனால் அதுவும் ஏமாற்றும். ஒட்டியிருக்கும் இரண்டு கருக்களுக்கு நடுவே ஒரு பிக்சல் அகலக் கோடு விட்டுப்போனால் டைஸ் அசையாது, எண்ணிக்கையோ இரண்டு ஒன்றாகிவிடும். எண்ணுவதுதான் நோக்கம் என்றால் பொருள் வாரியாக அளக்கும் முறையைப் பயன்படுத்துங்கள்: ஒவ்வொரு கருவுக்கும் மேற்பொருத்தம் 0.5ஐத் தாண்டுகிறதா என்று.

#10 பிச்சாவரம்

இதற்கெல்லாம் எப்படிப்பட்ட லேப்டாப் வேண்டும்? ஜிபியு உள்ளது வாங்கிக்கொண்டு போகவா?

#11 தரவுத்தறி

வேண்டாம். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள், 32 ஜிபி இருந்தால் நிம்மதி. இரு பரிமாணப் படங்களுக்கு, இணையத்தில் ஜிபியு தரும் கூகுளின் கோலாப் போதும்.

முப்பரிமாணத்துக்கு எந்த லேப்டாப்பும் போதாது. கணக்கு பாருங்கள்: 128க்கு 128க்கு 128 கன அளவுத் துண்டு, முதல் அடுக்கில் 32 சேனல், ஒரு எண்ணுக்கு 4 பைட். 20,97,152 பெருக்கல் 32 பெருக்கல் 4, சுமார் 268 எம்பி, ஒரே ஓர் அடுக்கின் வெளியீட்டுக்கு மட்டும். யூ-நெட்டில் இப்படிப் பல அடுக்குகள், பின்னோக்கிக் கணக்கிட எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும், அதோடு ஒரே தடவையில் பல துண்டுகளைக் கொடுக்கும் பேட்ச் வேறு. 8 ஜிபி கார்டு மூச்சுத் திணறும். துண்டைப் பக்கத்துக்கு 64 ஆக்கினால் தேவை எட்டில் ஒன்றாகக் குறையும், ஆனால் 64 பிக்சலைவிடப் பெரிய செல்லை நெட்வொர்க் முழுதாகப் பார்க்காது. பல்கலைக்கழகக் கணினித் தொகுப்புகளில் ஸ்லர்ம் என்ற வரிசை முறை இருக்கும். அதற்கு வேலைக் கோப்பு எழுதப் பழகிக்கொள்ளுங்கள், லினக்ஸ் முனையம், நிரலின் பதிப்புகளைக் காக்கும் 'கிட்' இரண்டும் தெரிந்தால் முதல் மாதத்தை வீணாக்க மாட்டீர்கள்.

தரவின் பருமனையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். லைட்-ஷீட் நுண்நோக்கியில் 2048க்கு 2048, 16 பிட் கேமரா: ஒரு படம் 8.4 எம்பி. வினாடிக்கு 100 படம் என்றால் 840 எம்பி. ஒரு மணி நேரத்தில் 3 டெராபைட். ஆய்வேட்டுத் தலைப்பு கேட்கும்போதே சேமிப்பிடம் எவ்வளவு தருவார்கள் என்று கேளுங்கள்.

#12 வில்லை

பிச்சாவரம், பயோடெக் பின்னணியைக் குறைவாக நினைக்காதீர்கள். மாதிரியைத் தயாரிக்கத் தெரிந்தவர் ஏ.ஐ. பக்கத்தில் குறைவு. ஃபார்மால்டிஹைடில் கூடுதல் நேரம் வைத்தால் பின்னணி ஒளிர்வு ஏறும். மவுண்டிங் திரவம் முழுதாக உறைவதற்கு முன் படமெடுத்தால் ஒளிவிலகல் எண் நாளுக்கு நாள் மாறும். இவற்றை அறியாதவர் நெட்வொர்க்கின் அமைப்பை மாற்றி மாற்றி வாரங்களைத் தொலைப்பார்.

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டிய ஒரு வேலை சொல்கிறேன்: மணி அளவீடு. 100 நானோமீட்டர் ஃப்ளூரசன்ட் மணிகள் கரைசலாகக் கிடைக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் ஐந்து பத்து நிமிடம் வைத்துக் கட்டிகளை உடையுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, 0.17 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்பில் 10 மைக்ரோலிட்டர் துளி விட்டு, இருட்டில் உலர்த்துங்கள். உங்கள் மாதிரிக்கு என்ன மவுண்டிங் திரவமோ அதே திரவத்தில் ஒட்டி, ஓரத்தை நெயில் பாலிஷால் மூடுங்கள். 100 முதல் 200 நானோமீட்டர் படியில், குவியத்துக்கு மேலும் கீழும் 3 மைக்ரோமீட்டர் வரை அடுக்குப் படம் எடுங்கள். எந்தப் பிக்சலும் உச்ச மதிப்பைத் தொடக் கூடாது, தொட்டால் அளவு பெரியதாகக் காட்டும். ஃபிஜியில் மெட்ரோலோஜே செருகுநிரல் அரை உயரத்தில் அகலத்தைச் சொல்லிவிடும்.

என்.ஏ. 1.4, பச்சை ஒளிக்குக் கணக்குப்படி சுமார் 190. 230க்குள் வந்தால் நல்ல நுண்நோக்கி. 300ஐத் தாண்டினால் தேடுங்கள், முதலில் ஆப்ஜெக்டிவின் முகத்தில் காய்ந்த எண்ணெய். பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும்போது வளையங்கள் மேலே மட்டும் விரிந்து கீழே இல்லையென்றால் கோளப் பிறழ்ச்சி: கவர்ஸ்லிப் தடிமன் தப்பு, இல்லை எண்ணெயும் திரவமும் பொருந்தவில்லை. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, தண்ணீருக்கு 1.33. தண்ணீர்ச் சத்துள்ள உயிர் மாதிரிக்குள் 50 மைக்ரோமீட்டர் ஆழத்தில் எண்ணெய் ஆப்ஜெக்டிவைப் போட்டால் புள்ளி குதறிப்போகும், நீர் அல்லது சிலிக்கோன் ஆப்ஜெக்டிவ் எடுங்கள். மணி வால்நட்சத்திரம் போல ஒரு பக்கம் இழுத்திருந்தால் ஸ்லைடு சாய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ ஒரு லென்ஸ் அச்சிலிருந்து விலகியிருக்கிறது.

இதை மாதம் ஒருமுறை எடுத்துத் தேதியோடு வைத்திருந்தால், ஜனவரிப் படத்தில் பயிற்றுவித்த நெட்வொர்க் மே மாதம் ஏன் தடுமாறுகிறது என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.

#13 தரவுத்தறி

இது அருமை, வில்லை. மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பயோடெக் படித்தவருக்கு மெடிக்கல் ஃபோட்டானிக்ஸ், விருப்பப் பாடங்களில் நிரலாக்கமும் இயந்திரக் கற்றலும் என்று சேர்த்தால் இரண்டு பக்கமும் நிற்கும். ஆனால் விருப்பப் பாடமாகக் கணினித் துறையின் பாடங்களை எடுக்க அனுமதி உண்டா என்பதைக் கையேட்டில் உறுதி செய்த பிறகு விண்ணப்பியுங்கள். கணக்கு விஷயத்தில், போவதற்கு முன் சிக்கல் எண்கள், ஃபூரியே மாற்றம், கன்வல்யூஷன், பாய்சான் பரவல், அணிகள். இவ்வளவும் கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

#14 வடமராட்சி

வேலை பற்றிக் கடைசியாக ஒன்று. 2024 மார்ச்சில் இருந்து மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் உதவியாளராக, அதாவது 'ஹிவி'யாகச் செய்வது அந்தக் கணக்கில் சேராது. உணவகத்தில் தட்டுக் கழுவுவதைவிட ஆய்வகத்தில் படங்களுக்கு எல்லை வரைந்து கொடுக்கும் ஹிவி வேலை எவ்வளவோ மேல், ஆய்வேட்டுக்கும் கதவு திறக்கும். ஆய்வகத் தலைவருக்கு எழுதும்போது நீண்ட கடிதம் வேண்டாம். ஐந்து வரி, அவருடைய ஒரு கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வி, உங்கள் நிரல் இருக்கும் இணைப்பு. படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

#15 பிச்சாவரம்

எல்லோருக்கும் நன்றி. ஏ.பி.எஸ்.ஸுக்குக் காகிதங்களை எடுத்து வைத்துவிட்டேன். கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். பிபிபிசி038இல் செல்போஸ் என்ற ஏ.ஐ. மென்பொருளை ஓட்டினால் சில படங்களில் ஒரு கரு நான்காக உடைகிறது, சிலவற்றில் நான்கும் ஒன்றாகிறது. ஒரே மாதிரிதானே ஓட்டினேன்?

#16 தரவுத்தறி

நீங்கள் கொடுத்த விட்டத்தின் அளவுதான் காரணம். அந்தத் தொகுப்பில் படங்கள் வெவ்வேறு உருப்பெருக்கத்தில் எடுத்தவை. செல்போஸின் முதல் பதிப்புகளில் கருவுக்கான மாடல் 17 பிக்சல் விட்டத்துக்கும், செல்லுக்கான மாடல் 30 பிக்சலுக்கும் பழகியவை. நீங்கள் கொடுக்கும் விட்டத்தை வைத்துப் படத்தைச் சுருக்கி அல்லது பெருக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்துதான் தேடும். 60 பிக்சல் கருவுக்கு 15 என்று கொடுத்தால் உடைக்கும், 15 பிக்சல் கருவுக்கு 60 கொடுத்தால் ஒட்டும். படங்களை உருப்பெருக்கம் வாரியாகக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் பத்துக் கருவை ஃபிஜியில் கோடு போட்டு அளந்து, அந்தச் சராசரியைக் கொடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். இன்னும் உடைந்தால் படத்தையும் அமைப்புகளையும் இங்கே போடுங்கள்.